அணையாத அடுப்பு

அந்தக் கால அயர்லாந்து கிராமத்து வீட்டுக்கு வாசல் கதவு ஒன்றரை! முழுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அதற்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஓர் அரைக் கதவு. கோழியும் பன்றியும் உள்ளே வராது. காற்றும் வெளிச்சமும் வரும். அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் ஊர்வம்பு பேசலாம். இந்தக் கடைசி உபயோகத்துக்காகத்தான் கதவே வைத்தார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

கல் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே வைக்கோல் கூரை. மேற்குக் கடற்கரையில் அட்லாண்டிக் காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, கயிறு போட்டுக் கட்டிக் கல்லைத் தொங்கவிடுவார்கள். உள்ளே சமையலறைதான் எல்லாமே. பகலில் பெஞ்சாக இருக்கும் 'செட்டில்', ராத்திரி பெட்டி மாதிரி விரிந்து படுக்கையாகிவிடும். சில ஏழை வீடுகளில் ஒரு கோடியில் மாடும் கட்டியிருக்கும். யார் யாருக்கு உஷ்ணம் கொடுத்தார்களோ!

விறகு அபூர்வம். செடிகொடி மக்கி இறுகிய சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, வெயிலில் (அங்கே அடிக்கிற வெயிலில்!) உலர்த்தி எரிப்பார்கள். 'டர்ஃப்' என்று பெயர். அடுப்புக்கு மேலே தொங்கும் இரும்புப் பானையில் உருளைக்கிழங்கு வேகும். வெந்ததும் கூடையில் வடித்து, கூடையைப் பானை மேலேயே வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். உப்பு, மோர். தட்டா? அது எதுக்கு?

அடுப்பை மட்டும் அணைய விடமாட்டார்கள். ராத்திரி கங்குகளைச் சாம்பலால் மூடி, ஒரு பிரார்த்தனையும் சொல்லிவிட்டு வீட்டுக்காரி படுப்பாள். காலையில் கிளறினால் கணகணவென்று இருக்கும். மே முதல் தேதி பக்கத்து வீட்டம்மா நெருப்பு கேட்டால் மட்டும் 'இல்லை'தான். கொடுத்தால் வெண்ணெயும் கூடவே போய்விடுமாம்!

1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் ஒற்றை அறை மண் குடிசைகள் 4,90,000-க்கு மேல். 1851-ல் சுமார் 1,35,000. குத்தகை பாக்கி வைத்தவர்களை வெளியே தள்ளிய நிலச்சுவான்தார் ஆட்கள், திரும்பி வந்து குடியேறாதபடி கூரையையும் பிரித்துப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக எரிந்த அடுப்பில் மழை விழுந்தது.

1937-ல் அயர்லாந்து பள்ளிக்கூடங்களில் ஒரு வேலை கொடுத்தார்கள்: 'தாத்தா பாட்டியிடம் பழைய கதையெல்லாம் கேட்டு எழுதி வா.' சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். அந்தக் காலத்து வீடு, கூரை, அடுப்பு, யார் எங்கே படுத்தார்கள்... எல்லாம் உண்டு. அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்றும் டப்ளின் பல்கலைக்கழகமொன்றில் பத்திரமாக இருக்கின்றன. இன்டர்நெட்டிலும் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோழிக் கிறுக்கல்!