பச்சைப் பெடலும் அதன் பிரதிகளும்

கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்க்ரீமர் பெடலின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முக்கியமாக இருப்பது கொஞ்சம்தான். எட்டுக் கால் கொண்ட கறுப்புச் சிப் ஒன்று, மிளகு அளவில் இரண்டு டையோடுகள், சில மின்தடைகள், சில கெப்பாசிட்டர்கள். சிப்பின் எண் 4558. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் பேஸ்-ட்ரெபிள் போர்டுகளிலும் இந்த எண்ணைப் பார்க்கலாம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு. ஜப்பானில் மேக்ஸான் நிறுவனத்துக்காக சுசுமு தமுரா வடிவமைத்து, 1979 வாக்கில் ஐபனீஸ் பெயரில் வெளிவந்த டிஎஸ்-808 என்ற இந்தப் பெடல், இவ்வளவு சாதாரணமான பாகங்களால் ஆனது. மலிவுப் பிரதிகள் பெருகியதில் வியப்பே இல்லை.

என்னை வியக்க வைப்பது அதன் பின்னிருக்கும் யோசனை. 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அதிகம் பெருக்காமல் விட்டுவிடுகின்றன. அதனால் தடித்த கம்பிகள் கரகரப்பில் சிக்கிக் குழம்புவதில்லை. அடுத்து வரும் டோன் பகுதி மேல் ஒலிகளைத் தணிக்கிறது. மிஞ்சுவது நடு ஒலி. கீழே பேஸ் கிடாரும் மேலே சிம்பலும் நிறைந்திருக்கும்போது, கிடாருக்கென்று ஓர் இடம் கிடைப்பது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கத்தான் காது வேண்டும். நகலெடுக்கப் பாகங்களின் மதிப்புகள் தெரிந்தால் போதும்.

மதிப்புகள் ஒன்றாக இருந்தால் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுதான். பேண்டோடு சேர்ந்து வாசிக்கையில் அசலையும் நல்ல நகலையும் என் காது பிரித்தறிவதில்லை. ஒப்பிடுகிறவர்கள் பலர் இரண்டிலும் குமிழ்களை ஒரே நிலையில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். வால்யூம் கன்ட்ரோல்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி ஏறி இறங்கும். நடுவில் நிற்கும் குமிழ் இரண்டிலும் ஒரே அளவைக் காட்டாது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நமக்கு நன்றாகவும் தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேட்பதே நியாயம்.

பிரதிகள் தோற்பது வேறு இடத்தில். காலால் மிதிக்கும் சுவிட்ச், கேபிள் செருகும் ஜாக், ஈயப்பற்று. மேடையில் பாட்டின் நடுவே சுவிட்ச் ஏமாற்றினால் மிச்சம் பிடித்த காசு பெரிதாகத் தெரியாது. வீட்டில் பழகுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல.

க்ளான் சென்டார் என்ற இன்னொரு பெடலின் கதை தனி. பில் ஃபின்னெகன் 1994 முதல் விற்ற அந்தப் பெடலின் சர்க்யூட் வெளியே தெரியாதபடி எபாக்ஸி பூசி மூடியிருந்தார். அதையும் சுரண்டிப் படித்துவிட்டார்கள். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் சோல் ஃபுட் போன்றவை இன்று அதே வழியில் ஒலிக்கின்றன. பழைய சென்டாரோ ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. ஒரு மனிதர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த அறிவை இப்படி எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த ஆயிரங்களும் அவர் கைக்குப் போவதில்லை, பழைய பெடல் வைத்திருப்பவருக்கே போகின்றன.

கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்க்ரீமரில் கரகரப்பைக் கூட்டும் டிரைவைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டும் லெவலை ஏற்றி, வால்வு ஆம்பை முட்டித் தள்ளவே அதைப் பயன்படுத்தினார். நாம் மயங்கிக் கேட்கும் அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு ஆம்பினுடையது. கையில் குறைந்த பணத்தோடு வருகிறவரிடம், மலிவுப் பெடலை வாங்கிக்கொண்டு மீதியை நல்ல ஆம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.