தசைக்குள் ஒரு அளவுகோல்

தசை என்றால் வேலை செய்வது, நரம்பு என்றால் கட்டளை கொண்டுவருவது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் 1894-லேயே இங்கிலாந்தின் ஷெரிங்டன், தசைக்குப் போகும் நரம்பில் மூன்றில் ஒரு பங்காவது திரும்பச் சேதி கொண்டுபோகும் இழைகள்தான் என்று காட்டிவிட்டார்.

அந்தச் சேதியை அனுப்புவதில் முக்கியமானது தசைக்கதிர், அதாவது மசில் ஸ்பிண்டில். நூல் நூற்கும் கதிர் போல நடுவில் பருத்து முனைகளில் குறுகிய சின்ன உறை. உள்ளே சில மெல்லிய தசை இழைகள். தசை நீண்டால் இதுவும் நீளும். நடுவில் சுற்றியிருக்கும் உணர்நரம்பு உடனே படபடவென்று துடிப்புகளை அனுப்பும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது, இரண்டையும் சொல்லும்.

இங்கேதான் சிக்கல். தசை சுருங்கினால் கதிர் தொய்ந்துபோகும். தொய்ந்த கயிற்றில் எதை அளப்பது? அதற்காகவே காமா என்ற ஒல்லியான இயக்க நரம்பிழைகள் கதிரின் முனைகளுக்கு வந்து, அவற்றைச் சுருக்கி, நடுவை இழுத்துப் பிடிக்கின்றன. துணி காயப்போடும் கொடி தொங்கினால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுவோமே, அது மாதிரி. 1945-ல் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் இதைக் காட்டினார். காமாவைத் தூண்டினால் தசையின் இழுவிசை ஏறக்குறைய அப்படியே இருக்கும், கதிரின் துடிப்பு மட்டும் ஏறும். (பின்னாளில் 'காமா கத்தி' என்ற மூளைச் சிகிச்சைக் கருவியைத் தந்தவரும் இவரே. அந்தக் காமா கதிர்வீச்சு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

1962-ல் பீட்டர் மாத்யூஸ் பூனைகளில் செய்த சோதனைதான் எல்லாவற்றிலும் அழகு. காமாவில் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்றைத் தூண்டிவிட்டுத் தசையை இழுத்தால், இழுக்கும் வேகத்துக்கான பதில் எகிறுகிறது. மற்றதைத் தூண்டினால் இழுக்காதபோதே துடிப்பு கூடுகிறது, வேகத்துக்கான பதிலோ மங்குகிறது. அதே கதிர், அதே இழுப்பு... பதில் மட்டும் வேறு! ஆக, மூளைக்கு வந்து சேருவது வெறும் நீளத்தின் அளவு அல்ல. நரம்பு மண்டலம் தானே திருகி வைத்த கருவி காட்டும் அளவு.

இடையில் 1953-ல் மெர்ட்டன் ஒரு கருத்தை வைத்தார். அசைவே காமாவில்தான் தொடங்கலாம். காமா கதிரை இறுக்கும், கதிரின் சேதி முதுகுத்தண்டு வழியாகத் திரும்பித் தசையைச் சுருக்கும் என்று. கேட்க எவ்வளவு நேர்த்தி! அப்படியானால் கதிர்தான் முதலில் துடிக்க வேண்டும். மனித நரம்பில் நுண்ணூசி செருகி வால்போ 1971-ல் பதிவு செய்தபோது நடந்தது நேர்மாறு: தசை வேலையைத் தொடங்கிய பிறகே கதிர் வேகமெடுத்தது. ரயில் நகர்ந்தபின் ஊதும் விசில் ரயிலைக் கிளப்பியிருக்க முடியாதே! தசையைச் சுருக்கும் ஆல்பாவும் கதிரை இறுக்கும் காமாவும் சேர்ந்தே கிளம்புகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். மனிதரில் காமா எவ்வளவு தூரம் ஆல்பாவை விட்டுத் தனியே இயங்கும் என்பதில் மட்டும் சண்டை இன்னும் ஓயவில்லை.