ராவுத்தர் வீட்டுக்கு எந்தக் குதிரை?

எங்கள் குடும்பத்துப் பழைய பத்திரங்களில் ஆண்களின் பெயருக்குப் பின்னால் தவறாமல் 'ராவுத்தர்' என்னும் சொல் இருக்கும். குதிரை வீரர் என்பது அதன் பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் மயில் ஏறும் முருகனையே இராவுத்தன் என்று அழைக்கும் அளவுக்கு அச்சொல் தமிழோடு கலந்திருந்தது. ஆயினும் எனக்குத் தெரிந்த நான்கு தலைமுறைகளில் எங்கள் வீட்டில் குதிரை லாயம் இருந்ததில்லை. தோல் மண்டி இருந்தது. பிறகு அரிசி மண்டி இருந்தது. சொந்தமாக ஒரு ஜட்கா வண்டிகூட இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அந்தப் பெயருக்கு ஓரளவேனும் பொருந்தி நிற்கும் வாய்ப்பு எனக்குச் சவூதி அரேபியாவில் கிடைத்தது. ரியாதுக்கு வெளியே ஒரு பண்ணையில் கணக்கெழுதும் வேலை. அங்கே குதிரைகளைப் பராமரித்த சூடான் நாட்டுப் பெரியவர், வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் என்னைச் சேணத்தில் ஏற்றிவிட்டுக் கற்றுக்கொடுத்தார். ஆகவே குதிரை என்றால் எனக்கு அரபுக் குதிரைதான். சென்ற ஆண்டு என் மகள் குதிரையேற்றம் கற்க விரும்பியபோது, 'எந்தக் குதிரையில்?' என்பதே நான் முதலில் கேட்ட கேள்வி. என் தாயாரின் கேள்வி வேறு. "வயசுப் பிள்ளைக்கு இது தேவையா? கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் யார் கட்டிக்கொள்வார்?" என்றார்கள்.

அவர்களின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. குதிரையிலிருந்து விழுவோர் விழத்தான் செய்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் ஓடவிட்டதையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே மைல் போதும் என்று பிரித்ததையும் எடுத்துச் சொன்னேன். குதிரையின் வலிமை அறிந்து தூரத்தை வகுத்த அந்த நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். தாயார் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஆண்பிள்ளைகள்" என்றார்கள். ஆனி பிளண்ட் என்ற ஆங்கிலச் சீமாட்டி அரபு மொழி கற்று, 1879இல் பாலைவனம் கடந்து ஹாயில் நகர் வரை சென்றதையும், அரபுக் குதிரைகளைத் தேடித்தேடி வாங்கியதையும் சொன்னேன். "அவள் வெள்ளைக்காரி. அவளுக்கு மாப்பிள்ளை தேடும் கவலை நமக்கு இல்லை" என்று பதில் வந்தது. இறுதியில் பெண் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், முழுக்கை உடையும் முக்காட்டின்மேல் தலைக்கவசமும் அணியலாம் என்றறிந்த பிறகே இசைந்தார்கள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அரபுக் குதிரையை ஏறுவோர் விரும்புவதற்கு அழகுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உட்குழிந்த முகம், அகன்ற நாசி, பெரிய கண், ஓடும்போது கொடிபோல் உயரும் வால் – அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சேணத்தில் அமர்ந்திருப்பவனுக்குக் குதிரையின் முகம் தெரிவதில்லை. அவன் உணர்வது அதன் மூச்சையும் முதுகையும் மனத்தையுமே. அரபுக் குதிரை உயரமானதன்று. தோளருகே அளந்தால் பெரும்பாலும் 57 முதல் 61 அங்குலம்தான். ஆனால் நெடுந்தூரம் ஓடியபின் அதன் இதயத் துடிப்பு விரைவில் அடங்கிவிடும். நெடுந்தூரப் போட்டிகளில் இதற்கே மதிப்பு. இடைநிறுத்தங்களில் கால்நடை மருத்துவர்கள் நாடி பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64 அளவுக்கு இறங்காத குதிரை, முதலாவதாக வந்திருந்தாலும் விலக்கப்படும். அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் ஒரே நாளில் நூறு மைல் கடக்கும் டெவிஸ் கோப்பைப் போட்டி 1955இல் தொடங்கியது. அதில் பெரும்பாலான ஆண்டுகளில் வென்றவை அரபுக் குதிரைகள் அல்லது அரபுக் கலப்புக் குதிரைகள்.

மனத்தைப் பற்றிச் சூடான் பெரியவர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. பதவீகள் தங்கள் பெட்டைக் குதிரையைக் கூடாரத்துக்குள்ளேயே கட்டுவார்கள். குழந்தைகள் அதன் கால்களுக்கிடையே உறங்கும். புல் கிடைக்காத நாளில் ஒட்டகப் பால் ஊட்டுவார்கள் என்பார். படையெடுப்புக்கு அவர்கள் ஆண் குதிரையைவிடப் பெட்டையையே விரும்பினார்கள். இரவில் எதிரியின் குதிரைகளை நெருங்கும்போது ஆண் குதிரை கனைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டை பொறுமையாக இருக்கும். வமிசத்தையும் தாய்வழியாகவே கணக்கிட்டார்கள். கஹைலான், ஸக்லாவி, உபைய்யான், ஹம்தானி, ஹத்பான் என்ற ஐந்து வழிகளின் பெயர்களும் அங்கே சிறுவர்களுக்கும் மனப்பாடம். மனிதரோடு ஒரே கூரையின்கீழ் பல தலைமுறைகள் வாழ்ந்த குதிரை, கடிவாளத்தை இழுக்கும் முன்பே எண்ணத்தைப் புரிந்துகொள்ளும். அதே கூர்மைதான் அதன் ஆபத்தும்கூட. முரட்டுக் கையை அது பொறுக்காது. ஒருமுறை அடித்தவனை மறக்கவும் மறக்காது. தொடங்குபவருக்கு அது ஏற்ற ஆசான் அன்று என்பது என் முடிவு.

இந்தக் குதிரைகள் ஒரு காலத்தில் நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் இறங்கின. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாண்டிய நாடான மஅபர் உள்ளிட்ட துறைகளுக்கு வந்ததாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்ததாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ மற்றொன்றைச் சொல்கிறார்: அரசர் ஆண்டுதோறும் வாங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. சோறும் வெந்த இறைச்சியும் போட்டு வளர்த்தார்களாம். லாடம் அடித்துக் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் இங்கே வராமல் வணிகர்களே தடுத்தார்கள். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். அந்த வணிகரில் பலர் நம்மவர். காயல் துறைமுகத்தின் பெருமையைப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேசவேண்டும் என்பேன். இதைப் படித்துக் காட்டியபோது என் தாயார், "கொள்ளு ஊறவைத்துக் கொடுக்க இங்கே ஒருவருக்கும் தெரியவில்லையா?" என்று கேட்டார்கள்.

மகள் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் அரபுக் குதிரை இல்லை. இருந்தவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தாரோபிரெட் குதிரைகள். இவையும் அரபுக் குதிரைக்குப் பேரப்பிள்ளைகளே. 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்து சென்ற டார்லி அரேபியன் உள்ளிட்ட மூன்று கிழக்கத்திய ஆண் குதிரைகளிலிருந்துதான் அந்த இனத்தின் தந்தைவழி முழுதும் கிளைத்தது. உயரமும் வேகமும் விரும்புவோர் அதைத் தேடுவார்கள். தடை தாண்டவும் சிறந்தது. பந்தயத்தில் புகுந்துவிட்ட சூதாட்டம் குதிரையின் குற்றமன்று. ஆனால் இளமையில் 'ஓடு' என்பதை மட்டுமே கற்ற குதிரைக்கு 'நில்' என்பதைக் கற்பிக்கப் பயிற்சியாளர் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தேன்.

லாயத்தின் கடைசியில் பதினாறு வயதான ஒரு கத்தியவாரிப் பெட்டை நின்றது. செளராஷ்டிரத்து இனம். ராஜஸ்தானின் மார்வாரிக்கு இருப்பதுபோலவே உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொடும் காதுகள். குஜராத் காவல்துறையின் குதிரைப்படையிலும் இந்த இனம் உண்டு. வெயிலையும் எளிய தீவனத்தையும் தாங்கும். இதன் தனிச்சிறப்பு 'ரேவால்' எனப்படும் நடை. மற்றக் குதிரைகளின் துள்ளுநடையில் ஏறியவரின் இடுப்பு குலுங்கி ஓயும். ரேவாலில் தண்ணீர்க் குடத்தோடு போகலாம் என்பார்கள். நாள் முழுதும் மணலில் பயணம் செய்த மக்கள் தங்கள் முதுகெலும்பைக் காக்கத் தேர்ந்து வளர்த்த நடை அது. தொடங்குபவருக்கு அந்தக் காதுகளும் ஒரு பாடநூல். குதிரை எதைக் கவனிக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதைச் சேணத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதையே கேட்டு வாங்கினேன்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெட்டையின் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யவும், வியர்வை ஆறும்வரை நடத்திக்கொண்டுபோய்ப் பிறகே கட்டவும் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணெல்லாம் பக்கத்துக் கட்டில் நிற்கும் உயரமான தாரோபிரெட் மீதே இருக்கிறது. "அத்தா, இது நடக்கிறது, அது பறக்கிறது" என்கிறாள். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்கிறார் பயிற்சியாளர். நாட்காட்டியில் அவள் தேதிகளை அடித்துக்கொண்டு வருகிறாள்.