மணி அடிச்சா அடுத்த மேஜை

நர்சிங் மாணவிகளிடம் 'ஆஸ்கி' செய்முறைப் பரீட்சை பற்றிக் கேட்டால் முதலில் அந்த மணியைத்தான் சொல்வார்கள். ஒரு மேஜை, ஒரு வேலை, சில நிமிடங்கள். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு ஓட வேண்டும். பி.பி. பார்க்கும்போதே அடித்துவிட்டால், கஃப்பில் காற்று இறங்குவதற்குள் மனசு இறங்கிவிடும்!

பழைய முறையே தேவலையா என்றால், பலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். அதில் ஒருத்திக்குச் சாதுவான நோயாளி, இன்னொருத்திக்கு ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தை. மிச்சம் பரீட்சகரின் மூடு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் குழுவினர் மருத்துவ மாணவர்களுக்காக இந்த முறையை 1975-ல் எழுதி வெளியிட்டதே இந்த அதிர்ஷ்டக் கணக்கை ஒழிக்கத்தான். நர்சிங்குக்கு அது பிறகு வந்தது. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே செக்லிஸ்ட்.

வில்லங்கமும் அந்த செக்லிஸ்டில்தான். பல இடங்களில் "கை கழுவுகிறேன் மேடம்" என்று வாயால் சொன்னாலே மார்க். பொம்மையிடம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் அதற்கும் மார்க். பொம்மை பதில் சொல்லாது, எனவே யாரும் காத்திருப்பதில்லை. அப்புறம் வார்டில் நிஜப் பாட்டியிடமும் அதே கேள்வி. பாட்டி வாயைத் திறப்பதற்குள் கை அடுத்த ஸ்டெப்புக்குப் போயிருக்கும்.