தாத்தாவுக்கு ஒரு ரீல்

பொருள் வாங்குவது எளிது. பொருத்தமாக வாங்குவதுதான் கடினம். இதனை அக்காளும் தங்கையுமான நாங்கள் சென்ற கோடை விடுமுறையில் ஒரு தூண்டில் கடையில் கற்றுக்கொண்டோம்.

எங்கள் தாத்தா தூத்துக்குடிக் கடலில் நாற்பது ஆண்டுகள் வள்ளத்தில் சென்று தூண்டில் போட்டவர். நோய் கண்டபின் அவருடைய வலது கை தோளுக்குமேல் எழும்புவதில்லை. கடலுக்குப் போவது நின்றது. மாலையில் கரையில் அமர்ந்து பிறர் கொண்டுவரும் மீனைப் பார்த்துவிட்டு, பேசாமல் வீடு திரும்புவார். அந்த மௌனம் எங்களை வருத்தியது.

வெளிநாட்டில் வேலை செய்யும் சித்தப்பா ஏழடி நீளமுள்ள மெல்லிய தூண்டில் கம்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அதற்கு ரீல் இல்லை. நாங்கள் உண்டியலை உடைத்தோம். 1,500 ரூபாய் இருந்தது. தாத்தாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம்.

அங்கே பொன்னிறமாய் மின்னிய பெரிய ரீல் ஒன்று எங்கள் கண்ணைப் பறித்தது. அதில் 4000 என்ற எண் இருந்தது. பெட்டியில் பதினொரு பேரிங் என்று எழுதியிருந்தது. "இதுதான் வேண்டும்" என்றோம்.

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா, பாப்பா? கம்பில் என்ன எழுதியிருக்கிறது?"

3 முதல் 10 கிராம் எடை, 4 முதல் 8 பவுண்டு நூல் என்று இருந்தது. "இதற்கு 2000 எண் ரீல் போதும். எண் கூடக் கூடப் பருமனும் எடையும் கூடும்" என்றார். தராசில் வைத்தார். சிறியது 230 கிராம், பெரியது 370. பிறகு ஒவ்வொன்றாகக் கம்பில் பொருத்தி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலால் தாங்கிக் காட்டினார். பெரிய ரீல் கம்பின் அடியைக் கீழே இழுத்தது. சிறிய ரீலுடன் கம்பு தராசுக் கோல்போல் நேராக நின்றது.

"பேரிங்கை எண்ணாதீர்கள், கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள்" என்றார். சுற்றினோம்; ஆட்டமோ உரசலோ இல்லை. 5.2:1 என்றால், கைப்பிடியை ஒரு முறை சுற்றும்போது நூலைச் சுற்றும் பகுதி ஐந்து முறைக்குச் சற்று மேல் சுழலும் என்றும் அறிந்தோம்.

அப்போது தாத்தா மெல்லக் கேட்டார்: "நான் இடக்கையால்தானே எறிய வேண்டும்? கைப்பிடியும் இடப்பக்கமே இருக்கிறதே?" எங்களுக்கு அது தோன்றவே இல்லை! அண்ணாச்சி கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார். வலக்கையை உயர்த்த வேண்டாம். இடுப்பருகே வைத்துச் சுற்றினால் போதும். தாத்தா சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் கரையில் நாங்கள் அவசரப்பட்டு, டிராக் என்னும் திருகை இறுக்கி வைத்துவிட்டோம். ஏதோ பெரிய மீன் இழுத்தது, நூல் அறுந்தது. நூலின் வலிமையில் நாலில் ஒரு பங்கு இழுப்புக்கே ரீல் நூலை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். எங்கள் 6 பவுண்டு நூல் சுமார் 2.7 கிலோ தாங்கும். ஆகவே வில்தராசில் நூலைக் கட்டி இழுத்து, 700 கிராமில் நூல் வெளியேறும்படி திருகைத் தளர்த்தினோம்.

தாத்தா சொன்னார்: "வள்ளத்தில் இந்த வேலையை என் விரல்கள் செய்தன. மீன் இழுத்தால் தங்கூஸை நழுவவிடுவேன், களைத்தால் இழுப்பேன்."

அன்று மாலை ஒரு சாண் நீளக் கிழங்கான் மூன்று கிடைத்தன. வீடு வரும் வழியெல்லாம் தாத்தா பேசிக்கொண்டே வந்தார். வந்ததும் ரீலை நன்னீரால் கழுவி, உப்புப் போகத் துடைத்து, நிழலில் வைத்தார். எங்களைத் தொடவிடவில்லை!

தோழியரே, பரிசு வாங்கும்போது நம் கண்ணுக்குப் பிடித்ததைத் தேடுகிறோம். பெறுபவரின் கையை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சிறிய ரீல் எங்களுக்குச் சொல்லித் தந்தது.