சைக்கிளிலே மன்னார்க் கரை

மன்னாருக்குப் போய்வந்த அன்பர்களிடம் "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால், திருக்கேதீச்சரம், மடுத் திருப்பதி, தலைமன்னார்த் துறை என்று மூன்று பெயர்களைச் சொல்வார்கள். "இடையிலே?" என்று கேட்டால், "வெயிலும் உடைமரமுந்தான்" என்று மறுமொழி வரும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வண்டி விரைந்து ஓடும்போது இடைவழி கண்ணிலே தங்குவதில்லை. அதுவுமன்றி, மன்னார் என்பது நெடுங்காலமாகவே பிறர் எங்கோ செல்வதற்காகக் கடந்துபோன வாயிலாக இருந்து வந்துள்ளது. அராபிய வணிகரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்த வாயிலால் வந்தார்கள். தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற ஏழைகளும் அந்த வாயிலால்தான் வந்தார்கள். வாயிலிலே சற்று ஆறியிருந்து பார்ப்போமே என்று ஆசிரியர் மூவர் எண்ணங்கொண்டு, சிவராத்திரி கழிந்த வாரத்திலே, சிலாவத்துறையிலிருந்து தலைமன்னார் வரை துவிச்சக்கர வண்டியில் சென்றோம். எங்களுள் ஒருவர் ஹற்றனைச் சேர்ந்தவர். எவ்வழியாகச் சென்றாலும் தலைமன்னாரிலே பயணம் முடியவேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை.

சைக்கிளில் நாடு பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர். சாந்தெத்தியென் நகரிலே வாழ்ந்த போல் தெ விவி (1853–1930) என்பவரை அக்கலைக்குத் தந்தை என்று சொல்வதுண்டு. 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிய அவர், பிரயாணிகளுக்குச் சில விதிகளையும் வகுத்தார். பசி வருமுன்னே உண்ணவேண்டும், தாகம் எடுக்குமுன்னே அருந்தவேண்டும், பிறர் மெச்சுவதற்காக வண்டியை மிதிக்கலாகாது என்பன அவற்றுட் சில. அவருடைய நாட்டிலே பிரயாணிக்குப் பகை மலை. மன்னாரிலே மலை இல்லை. மலையின் வேலையைக் காற்றுச் செய்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை. இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனியிலேதான் காற்றுச் சற்றே ஓய்கிறது. மாணவர் எவரேனும் இவ்வழி செல்ல விரும்பினால் மாதத்தை முதலில் தேர்ந்துகொள்க. வண்டியைப் பின்னர் தேடலாம்.

சிலாவத்துறையிலிருந்து அரிப்புக்குச் செல்லும் வீதியின் இடப்புறத்திலே கடல். அந்தக் கடலடியிலேதான் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. சலாபம் குளிக்கும் பருவத்தில் இம்மணற்கரையிலே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வருவர், வணிகர் வருவர், சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'யும் வருவார். கல்லைக் காலிலே கட்டி மூழ்கியவன் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்குதான் மூழ்கியவர்களுக்கு. சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரப் பிரயாணி இல்லை. 1906 ஆம் ஆண்டில் இப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் மூடப்பட்டது.

முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்பிலே கட்டுவித்த மாளிகை, கரையோர மேட்டிலே இடிந்து நிற்கிறது. கடல் அடிமண்ணைத் தின்றுகொண்டே வருகிறது. சுவரின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே கிடக்கக் கண்டோம். அண்மையிலேயே ஒல்லாந்தரின் சிறு கோட்டையொன்று பாழடைந்து கிடக்கிறது. கண்டியரசனிடம் ஏறத்தாழ 20 ஆண்டு சிறையிருந்து தப்பிய ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1679 இல் அருவியாற்றங்கரை வழியே காட்டினூடாக நடந்து வந்து அடைக்கலம் புகுந்தது இவ்விடத்திலேதான். மாளிகையைப் பார்க்க வருவோர் பலர் இதை எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுக்கோ மாளிகையைவிட இக்கோட்டையே மனத்தைத் தொட்டது.

மறுநாட் காலை வங்காலையைக் கடந்து வடக்கே சென்றோம். 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தின் நீர்ப்பரப்பு, வெயில் ஏறுமுன் வெள்ளித்தகடு போலக் கிடந்தது. அதன் நடுவே இளஞ்சிவப்புக் கோடொன்று தெரிந்தது. பூநாரைகள்! மோட்டார் வண்டி நின்றால் பறவைகள் ஒதுங்கும். சைக்கிளை உடைமரத்திலே சாய்த்துவிட்டு அசையாது அமர்ந்தால், அவை தம் பாட்டில் தலைகீழாக அலகை அமிழ்த்திச் சேற்றை அரித்துக்கொண்டிருக்கும். ஒரு மணித்தியாலம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. வெலோசியோ, தங்கல்கள் சிலவாகவும் குறுகியனவாகவும் இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறார். அவர் பூநாரைகளைக் கண்டிலர் போலும்!

திருக்கேதீச்சரத்திலே பாலாவியின் கரையில் கால் கழுவி உட்சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. 1872 இல் ஆறுமுக நாவலர் அதன் மீட்சிக்காகக் குரல் கொடுத்தார். 1948 க்குப் பின்னர் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று திருப்பணியை வளர்த்தார். இப்போதுள்ள கருங்கற் கோயில் 2022 இல் குடமுழுக்குக் கண்டது. சிவராத்திரிக்கு வந்த பெருங்கூட்டம் கலைந்துபோயிருந்தமையால், பிராகாரத்திலே எங்கள் காலடியோசை எங்களுக்கே கேட்டது. கோயிலைச் சூழ்ந்த மாந்தை மேடுதான் பண்டை மாதோட்டத் துறைமுகம். 1980 களில் ஜோன் காஸ்வெல் குழுவினர் இங்கு அகழ்ந்தபோது, சீனத்துப் பீங்கானும் மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டமும் ஒரே மண்ணிலே கிடைத்தன. இன்று அந்த மேட்டிலே ஆடுகள் மேய்கின்றன.

தள்ளாடியைத் தாண்டினால் தீவுக்குச் செல்லும் பாலவீதி. இருமருங்கும் ஆழமற்ற கடல். பழைய பாலம் 1990 இல் போரிலே தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. அதைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது, 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. நகரத்துத் தெருக்களிலே கழுதைகள் எவர்க்கும் அஞ்சாமல் நிற்கின்றன. ஒரு காலத்தில் பொதி சுமந்தவை. லொறி வந்தபின் கேட்பாரற்றுப் போயின. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து அராபியர் கொண்டுவந்ததென்பர். உயரம் பெரிதில்லை, சுற்றளவோ 19 மீற்றருக்கும் மேல். மரமென்று சொல்வதா, குன்றென்று சொல்வதா என்று நண்பர் வியந்தார்.

நகரிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டோம். பனைக்கூடலும், குடை விரித்தாற்போன்ற உடைமரங்களும் மாறிமாறி வந்தன. இந்தச் சிறு தூரத்திலே எத்தனை துன்பங்கள் உறைந்திருக்கின்றன! தோட்டவெளி தேவாலயம், 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட அறுநூறு கத்தோலிக்கரின் நினைவைச் சுமக்கிறது. சற்று அப்பால் எருக்கலம்பிட்டி. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது இவ்வூரும் வெறுமையாயிற்று. சென்றவர்களுட் பலர் புத்தளத்திலே ஒரு தலைமுறைக் காலம் அகதிகளாக இருந்தனர்; போர் முடிந்த 2009 க்குப் பின்னரே திரும்பலாயினர். இரண்டு கொடுமையையும் இழைத்தது தமிழர் கையே என்பதைத் தமிழாசிரியராகிய நாங்கள் மாணவருக்குச் சொல்லாமல் விடலாகாது.

தென்கரையோரமாக முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. 2020 இன் இறுதியிலே திறக்கப்பட்டவை. மேலும் காற்றாலைகள் வேண்டா, கனிம மணல் அகழ்வு வேண்டா என்று 2025 இல் தீவு மக்கள் வீதியிலே திரண்டார்கள். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும் மணற்றிட்டாகிய இத்தீவிலே, மழைநீர் வழிந்தோடும் பாதை மறிக்கப்பட்டால் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று அவர்கள் அஞ்சுவதை அலட்சியஞ் செய்ய முடியாது.

பேசாலைக்கருகில் நெருஞ்சி முள் ஒன்று முன்சக்கரத்தைப் பதம் பார்த்தது. தகரக் கொட்டில் ஒன்றிலே முதியவர் ஒருவர் ரியூபைத் தண்ணீரிலே அமிழ்த்தி, குமிழி எழுந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார். எரிபொருள் தடைப்பட்ட தொண்ணூறுகளில் விறகும் மீனும் மாத்திரமன்று, நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சைக்கிளிலேதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். 2022 இல் பெற்றோல் இல்லாமற் போனபோது, மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளெல்லாம் மறுபடியும் அவரிடம் வந்தனவாம். "நீங்கள் சும்மா பார்க்கவோ சைக்கிளிலை வந்தனீங்கள், மாஸ்ரர்?" என்று கேட்டுச் சிரித்தார். கூலி கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்தார். பனங்கட்டியும் பால் விடாத தேநீரும் அவர் வீட்டிலிருந்தே வந்தன.

தலைமன்னார்த் துறையிலே வீதி முடிகிறது. 1914 இல் புகையிரதப் பாதை இங்கு வந்து, தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிற்று. சென்னை எழும்பூரிலே சீட்டு வாங்கிக் கொழும்புக் கோட்டையிலே இறங்கலாம் என்ற காலம் அது. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்பு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. புகையிரதம் 2015 மார்ச் மாதத்திலே மீண்டும் இவ்விடம் வந்து சேர்ந்தது. கப்பல்தான் வரவில்லை. பழைய இறங்குதுறையின் தூண்கள் நீரிலே நிற்கின்றன. அப்பால் இராமர் அணையின் மணற்றிட்டுகள்.

புகையிரதத்துக்கு முன்னே, கோப்பித் தோட்டங்களுக்கென ஆள்சேர்க்கப்பட்ட தமிழகத்து ஏழைகள் தோணியிலே வந்து இக்கரையில் இறங்கி, மதவாச்சி வழியாக மாத்தளை வரை இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்கள் சந்ததியாருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதிற்று. அவர்களுட் பல்லாயிரவர் இதே துறையிலேதான் கப்பலேறினார்கள். 2023 ஜூலை 28 இல் மலையக மக்கள் தம் முன்னோரின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் தொடங்கினர்.

ஹற்றன் நண்பர் துறையின் ஓரத்திலே நெடுநேரம் நின்றார். அவருடைய பாட்டனாரின் தந்தை இறங்கியது இக்கரையிலே என்பது குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி. எந்த ஆண்டு, எந்தத் தோணி என்பது எவருக்கும் தெரியாது. பெரிய தந்தையாரின் குடும்பம் கப்பலேறியது இங்கிருந்தே; அது அவருக்கே நினைவிருக்கிறது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது திரும்பினோம். நண்பர் வண்டியில் ஏறவில்லை. கைப்பிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாங்களும் இறங்கி அவர் பின்னே நடந்தோம். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு எங்களைக் கடந்து சென்றன. ஒருவர் நிறுத்தி, "காத்துப் போச்சுதோ?" என்று பரிவோடு விசாரித்தார். இல்லையென்றோம். பேசாலைத் தேவாலயம் பனைகளுக்கு மேலாகக் கண்ணிலே பட்டபோது மணி ஒன்பதரை இருக்கும்.