கில்லி மாமா

யூடியூபில் ஃப்ளை ஃபிஷிங் வீடியோ பார்த்திருப்பீங்க. இடுப்பளவு தண்ணியில் நின்னு, இறகால் கட்டின பொய்ப்பூச்சியைச் சாட்டை மாதிரி வீசுவாங்க. பக்கத்தில் ஒருத்தர் "அங்க போடுங்க"ன்னு கை காட்டிக்கிட்டு நிப்பார். எங்க பெரிய மாமா காவிரியில் பண்ணினது அந்தக் கை காட்டுற வேலைதான். பூச்சிக்குப் பதிலா கேழ்வரகு உருண்டை. வெள்ளைக்காரங்க இந்த வேலைக்கு வெச்ச பேர் கில்லி. கிட்டிப்புள்ளு கில்லி இல்லை, ஸ்காட்லாந்து வார்த்தை.

ஹொகேனக்கலுக்கு மேலே, கர்நாடகப் பக்கம் காட்டுக்குள் ஒரு தூண்டில் முகாம். மாமா விடிகாலை கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவெச்சு, எலுமிச்சை அளவு உருட்டுவார். அப்புறம் பரிசல். தேடுற மீன் மஹ்சீர். 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடிச்சது 120 பவுண்டு! அந்த மாதிரி ஒண்ணு மாட்டினா அதை நிறுத்த முடியாது. பரிசலில் அது பின்னாடியே போகணும்.

பிடிச்ச மீனை எடை போட்டு, அளந்து, ஆத்துலயே விட்டுடுவாங்க. விடுறதுதான் பெரிய வேலைன்னு மாமா சொல்வார். களைச்ச மீனை ஓட்டத்துக்கு எதிரா தலை வெச்சுப் பிடிச்சுக்கணும், வால் தானா அடிக்கிற வரைக்கும். "அது மூச்சு வாங்க வேண்டாமாடா?" செவுள் வழியா தண்ணி ஓடினாத்தான் ஆக்சிஜன் கிடைக்கும். நாம இதையே மூணாவது செமஸ்டர்ல சமன்பாடா படிச்சோம்.

நீர்நாய்க் கூட்டம் எந்த மடுவில் சத்தம் போடுதுன்னு கேட்டே மீன் இருக்கிற இடம் சொல்வார். சாயங்காலம் யானை இறங்குற துறையில் பரிசலைக் கட்ட மாட்டார். முதலை இருக்கிற ஆறு, அதனால வீடியோவில் வர்ற மாதிரி தண்ணிக்குள்ள நிக்கிற கதையே இல்லை.

மீன் மாறிக்கிட்டு வர்றதையும் அவர்தான் முதல்ல சொன்னார். முதுகில் கூன், ஆரஞ்சு வால் உள்ள பழைய மஹ்சீர் வருஷா வருஷம் குறைஞ்சுது. நீலத் துடுப்பு மீன் கூடிச்சு. நீலத்துடுப்பு இந்த ஆத்து மீனே இல்லை, வளர்த்துக் கொண்டுவந்து விட்டது. அப்போ யாரும் அவர் பேச்சைப் பெரிசா எடுத்துக்கல. 2015இல் ஓர் ஆய்வு வந்தது. காவிரியின் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வெச்ச பிடிப்புக் கணக்கை வெச்சே செஞ்சது. மொத்த மீன் கூடியிருக்கு, கூன்முதுகு மட்டும் சரிஞ்சிருக்கு. 2018இல்தான் அந்த மீனுக்கு டோர் ரேமாதேவி என்ற அறிவியல் பேர் உறுதியாச்சு. அதே வருஷம் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம்னு ஐயூசிஎன் அறிவிச்சது.

அதுக்குள்ள சரணாலயத்தில் தூண்டிலே நின்னு போச்சு. திரும்ப விட்டாலும் பிடிச்சது பிடிச்சதுதான்னு வனச் சட்டம் சொல்லுது. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, கொக்கியில் மாட்டுற மீனுக்கு அது விளையாட்டு இல்லையே. ஆனா பரிசல் ஆத்துல சுத்துற வரைக்கும் தோட்டா போட்டு மீன் அடிக்கிறவங்க பயந்தாங்க. அந்தக் கண்ணு இப்போ அங்க இல்லை. மாமா ஓசூரில் ஒரு கிடங்குக்கு ராத்திரி காவல்.

போன தீபாவளிக்கு அந்த ஆய்வைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "எங்க முகாம்லயும் நோட்டு இருந்துச்சேடா. நான் எடை சொல்ல, கிளார்க் எழுதுவாரு. அது எங்க போச்சு?"ன்னார்.

கிளார்க்கைக் கண்டுபிடிச்சுட்டோம். அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்காம், கரையான் விட்டு வெச்சிருக்கான்னு தெரியாது. பொங்கல் லீவுல மாமாவோட போறேன். நல்ல கேமரா இருக்கிற போன் யார்கிட்டயாவது இருந்தா நாலு நாளைக்குக் குடுங்க.